ஒரு கழகத்துக்கு எத்தனை டிக்கெட்?

2019-இல் 74 நாள் இடைவெளியில் தமிழ்நாட்டுக்கு இரண்டு தேசியக் கால்பந்துப் பட்டங்கள் வந்தன. மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் சென்னை சிட்டி ஐ-லீக்கை வென்றது. மே 22 அன்று லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. இரண்டுக்கும் நடுவே, மே 12 அன்று, சென்னை சூப்பர் கிங்ஸ் ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் 1 ரன்னில் தோற்றது. மூன்றில் எது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

சென்னை சிட்டி நேற்று முளைத்த கம்பெனி அணி இல்லை. 1946-இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கி, சென்னை மாநகருக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்த உள்ளூர்க் கழகம். தேசிய லீக்கை எட்ட 70 ஆண்டு ஆயிற்று. 2016-17-இல் நுழைந்தது, முதல் இரண்டு பருவமும் அட்டவணையின் கீழ்ப்பாதிதான். மூன்றாவது பருவத்தில், சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்சியில், 20 ஆட்டம், 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி, 43 புள்ளி. பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல்.

ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளியில் நின்றது. முதல் பரிசு 1 கோடி, இரண்டாம் பரிசு 60 லட்சம். ஆக, அந்த ஒரு புள்ளியின் விலை 40 லட்சம். கடைசி நாளன்று சென்னையிடம் 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலிடம் 39. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டது. கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாப் முதல் கோலையும் போட்டுவிட்டது. டிரா செய்தாலும் 41-தான், பட்டம் கிடையாது. மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, 3-1.

ஒரு கோடி பெரிய தொகைபோலத் தெரியும். 20 ஆட்டத்துக்குப் பிரித்தால் ஆட்டத்துக்கு 5 லட்சம். இனி செலவுப் பக்கம். அந்தப் பருவத்தில் 11 அணிகள். அதனால் வெளியூரில் 10 ஆட்டம்: ஸ்ரீநகர், ஐஸ்வால், இம்பால், ஷில்லாங், கொல்கத்தா இரண்டு முறை, புவனேஸ்வர், கோவா, பஞ்ச்குலா, கோழிக்கோடு. சொந்த மைதானமான கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய ஊர் கோழிக்கோடு ஒன்றுதான். ஆட்டக்காரர், பயிற்சியாளர், பிசியோ எல்லாம் சேர்த்து 25 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் பயணத்தை விட்டால், மீதி 9 பயணத்துக்குப் போக வர 450 விமான டிக்கெட். அதன்மேல் ஓட்டல், சாப்பாடு, சம்பளம்.

அதே 25 பேர் கணக்கை சேதுவுக்குப் போட்டுப் பாருங்கள். 2016-இல் தொடங்கிய கழகம். 2018-19 மகளிர் லீக்கின் 12 அணிகளும் லூதியானா என்ற ஒரே ஊரில் கூடின. குழுவில் 5 ஆட்டம், அரையிறுதி, இறுதி என மொத்தம் 7. மணிப்பூர் போலீஸை 3-1 என வென்று கோப்பையோடு திரும்ப ஆன டிக்கெட் 50.

பட்டத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் கணக்கு கசக்கிறது. அன்றைய விதியில் ஐ-லீக் சாம்பியனுக்கு இந்தியன் சூப்பர் லீக்குக்கு (ஐ.எஸ்.எல்.) ஏறும் வழி இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. அதுவும் நிலைமையை மாற்றவில்லை. ஆட்டக்காரர் எட்வின் சிட்னி வான்ஸ்பால் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி.க்கும், மான்சி ஜப்பானுக்கும் போனார்கள். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1. கொரோனாவால் 2020-21 ஐ-லீக் முழுக்க மேற்கு வங்கத்தில் நடந்தது. 2021-22 அட்டவணையில் 13 அணிகள். சென்னை சிட்டி இல்லை. உச்சிக்கு ஏற 73 ஆண்டு, காணாமல்போக 3 ஆண்டு. அந்தக் கடைசி நாளில் தோற்ற மினர்வாவோ கைமாறி, விதியும் மாறியபின், 2023-இல் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் அணி ஆயிற்று.

சேது இன்னும் ஆடுகிறது. ஆனால் அதன் செலவும் ஏறிவிட்டது. 2023-24-இல் மகளிர் லீக்கும் சொந்த ஊர், எதிரணி ஊர் என்ற முறைக்கு மாறியது. 7 அணி, வெளியூரில் 6 ஆட்டம், 300 டிக்கெட். அடுத்த பருவம் 8 அணி, 350 டிக்கெட். லீக் வளர்கிறது என்று கைதட்டும்போது யார் பையிலிருந்து அது வளர்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் காரங்காட்டில் இருந்து போட்டால் வேறு மாதிரி வரும். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, பாக் விரிகுடாக் கரையில், அலையாத்திக் காட்டை ஒட்டிய மீனவர் ஊர். வனத்துறைப் படகில் காடு பார்க்க வெளியூர்க்காரர் வருவார்கள். இங்கே ஒரு கழகம் தொடங்கப் பதிவுக்கு 7 பேர் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 அவ்வளவுதான் கேட்கிறது. ஆட 11 பேர். கம்பம், ஒரு கோலுக்கு 24 அடி குறுக்குச்சட்டமும் 8 அடிக் கால் இரண்டும். இரு பக்கமும் சேர்த்து 80 அடி. வலை பின்னத் தெரிந்த ஊரில் கோல் வலைக்குக் காசு கொடுப்பானேன்? முழு அளவு மைதானத்தின் கோடுகளைக் கூட்டினால் ஏறத்தாழ 717 மீட்டர். அது சுண்ணாம்புச் செலவு.

இடம்தான் சிக்கல். 105-க்கு 68 மீட்டர் என்றால் 1 ஏக்கர் 76 சென்ட். விதி அனுமதிக்கும் மிகச் சிறிய அளவு 90-க்கு 45. அது கிட்டத்தட்ட சரியாக 1 ஏக்கர். கடலும் காடும் விட்டுவைத்த கரையில் சமமான ஒரு ஏக்கர் சும்மா கிடைக்காது. கிடைத்தாலும் புல் வேண்டாம். வெயில் காலத்தில் நாளைக்கு 5 மி.மீ. தண்ணீர் என்று குறைத்துப் போட்டாலும் அந்த ஏக்கருக்கு 20,250 லிட்டர். கிராமத்தில் தலைக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் கணக்கில் அது 368 பேரின் ஒரு நாள் தண்ணீர். இந்த வறண்ட ராமநாதபுரம் மாவட்டத்தில் புல்லுக்கு அந்தத் தண்ணீரை யாரும் கேட்கவும் மாட்டார்கள், கேட்கவும் கூடாது. மணலில் ஆடலாம். பந்தின் தையல் சீக்கிரம் பிரியும், அவ்வளவுதான்.

ஆட நாள் உண்டு: விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்குள் குறைந்தது 8 ஞாயிறு வரும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்றாலும், கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். 8 ஊர் அணி ஆளுக்கு ஒருமுறை மோதினால் 7 வாரம், 28 ஆட்டம்; எட்டாவது ஞாயிறு இறுதி. எல்லா ஊரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில். விமான டிக்கெட் பூஜ்யம், வேன் வாடகை போதும். மீதி நிற்பது நடுவர் செலவு. ஆட்டத்துக்கு மூவர், 29 ஆட்டத்துக்கு 87 முறை ஆள் வேண்டும். இந்தக் கரையில் சொந்த ஊர் ஆட்டத்துக்கு விசில் எடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போகிறவர் யாரும் இல்லை என்பதால், அந்த 87-க்கும் வெளியூர் ஆள்தான். வேன் வாடகையில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.