பளபள டோ ஹூக் மாட்டினா போதுமா? பிக்-அப் ஓனர்களே, போல்ட்டையும் கொஞ்சம் கவனிங்க!

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றது ஞாபகம் இருக்கா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொடுத்த அடி அப்படி. பாலத்தில் இடம் கிடைக்காமல், தி.நகர் துரைசாமி சப்வே பக்கமோ அடையாறு கரையோரத் தெருவிலோ கார் தண்ணியில் மாட்டிக்கிட்டா, அடுத்து கண் தேடுவது பிக்-அப் வெச்சிருக்கிற யாரையாவதுதான். ‘‘அண்ணே, கயிறு கட்டி ஒரு இழு இழுத்து விடுங்க!’’

அந்த ‘ஒரு இழு’வில்தான் ஆபத்தே இருக்கு. சேற்றில் புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுக்கும்போது, வண்டியோட எடையைவிட அதிக விசை ஹூக்கில் விழலாம். கயிறு ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு அந்தச் சக்தியைப் பிடிச்சு வெச்சிருக்கும். எங்கே பலவீனமோ, அங்கே பிய்த்துக்கொள்ளும். பிய்ந்தது இரும்பு ஹூக்காக இருந்தால், அது கவண்கல் மாதிரி பறக்கும். பின்கண்ணாடியை உடைச்சுக்கிட்டு டிரைவர் மேல பாயலாம், வேடிக்கை பார்ப்பவர் மேலயும் விழலாம். டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கயிறு கட்டி இழுத்து, அந்த உருண்டை உடைந்து பறந்ததில் வெளிநாடுகளில் உயிர்களே போயிருக்கு. அந்த உருண்டை சீராக இழுப்பதற்கு மட்டும்தான்; வெட்டி இழுப்பதற்கு இல்லை.

சரி, எந்த ஹூக் வாங்குறது? ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்கினா சிவப்பு, நீலம்னு கலர் கலரா தொங்கும். அதில் பாதி வெறும் அலங்காரம்தான். அலுமினியத்தில் செஞ்சு, பம்பரில் ரெண்டு ஸ்க்ரூ போட்டு நிறுத்துற ஐட்டம். போட்டோவுக்கு ஓகே, இழுவைக்கு வேண்டாம். ஹூக்கிலேயே தாங்கும் எடை பொறிச்சிருக்கணும். ‘டபிள்யூ.எல்.எல்.’ என்ற எழுத்துகளும் டன் கணக்கும் இல்லாத ஷேக்கிளைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க. லோடோடு சேர்த்து வண்டியோட மொத்த எடை ஆர்.சி.யில் இருக்கும். அதைப்போல குறைஞ்சது ஒன்றரை மடங்கு தாங்கணும். 3 டன் வண்டின்னா 4.5 டன். முக்கால் இன்ச் ஷேக்கிள் பொதுவா 4.75 டன்னுக்கு வரும், அது போதும்.

புதுப்பேட்டையில் பழைய ஹூக் மலிவாகக் கிடைக்கும். ஆனால், அது எத்தனை லாரியை இழுத்திருக்கும், உள்ளே மயிரிழை விரிசல் இருக்கா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு பொருளில் மட்டும் செகண்ட்ஸ் வேண்டாம்.

ஹூக்கைவிட முக்கியம், அது எதில் உட்காருது என்பது. பிக்-அப்பில் பம்பர் ஒரு முகமூடி மாதிரி. பலம் முழுக்க அதுக்குப் பின்னால் ஏணி மாதிரி ஓடும் சேஸிஸில்தான் இருக்கு. ஹூக் அதில்தான் உட்காரணும், அதுவும் கம்பெனியே விட்டிருக்கும் ஓட்டைகளில். புதுசா டிரில் போட்டா, குறிப்பா சேஸிஸோட மேல், கீழ் விளிம்புகளில் போட்டா, அந்த இடமே பலவீனமாகும். ரோட்டோர வெல்டிங்கும் அப்படித்தான்; சூடு பட்ட இடத்தில் இரும்போட குணம் மாறிடும். கீழே தெரியும் சின்ன வளையங்களில் சில, வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டிவைப்பதற்கு மட்டுமே. எது இழுக்கும் பாயின்ட் என்று ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். (அந்தப் புத்தகத்தை கவரைக்கூடப் பிரிக்காம வெச்சிருப்போம், தெரியும்!)

போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எழுதியிருக்கணும். 8.8 என்றால் அறுந்துபோக சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வேணும். 640-ல் நீள ஆரம்பிக்கும். கடற்கரை ஊராச்சே, துருப்பிடிக்காதுன்னு ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நீட்டுவாங்க. வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம் 450-லேயே நீள ஆரம்பிச்சிடும். அதனால, துத்தநாகப் பூச்சு போட்ட 8.8 பெட்டர். மெக்கானிக்கை டார்க் ரெஞ்ச் போட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கச் சொல்லுங்க.

இன்னொரு விஷயம். பின்னால் துருத்திக்கிட்டு நிற்கும் ஹூக், மயிலாப்பூர் மாட வீதி நெரிசலிலோ தீபாவளி நேர ரங்கநாதன் தெருப் பக்கமோ யாரோ ஒருத்தர் முழங்காலைப் பதம்பார்க்கும். முன்னால் மாட்டும் கனமான புல் பார் இன்னும் மோசம். மோதலில் ஏர்பேக் சென்சாரின் கணக்கையே குழப்பும். அதனால்தான் 2017 டிசம்பரில், இவற்றின் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஹூக் பம்பர் விளிம்புக்கு உள்ளேயே அடங்கணும்.

இழுக்கும் நாளில் கயிறு நேர்கோட்டில் இருக்கட்டும். பக்கவாட்டில் இழுத்தா நல்ல ஹூக்கும் வளையும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒண்ணைப் போட்டா, அறுந்தாலும் வேகம் குறையும். வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்று நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்துங்க. ரோட்டில் ரெண்டு வண்டிக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. தண்ணி புகுந்த காரை ஸ்டார்ட் பண்ணவே கூடாது, நியூட்ரலில் வரட்டும். இன்ஜின் ஓடாததால் பிரேக் கல் மாதிரி இருக்கும் என்று பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் முன்னாடியே சொல்லிடுங்க. ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் வண்டிகளை இப்படி இழுக்காதீங்க, ஃப்ளாட்பெட் கூப்பிடுங்க.

வேலை முடிஞ்சதும் கீழே குனிஞ்சு ஒரு பார்வை. ஹூக் மாட்டும்போதே நட்டுக்கும் சேஸிஸுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வெச்சிருந்தா, அந்தக் கோடு விலகியிருக்கானு பார்த்தாலே போதும். விலகியிருந்தா போல்ட்டை மாத்திட்டுத்தான் அடுத்த வண்டி.