கமிஷன் பெறுமுன் வீழ்ந்தவர்கள்

டேராடூனிலும் பரங்கிமலையிலும் பயிற்சி முடித்த வாலிபர்கள் அணிவகுத்துச் செல்லும் தினத்தில் பத்திரிகைகள் படங்களைப் பிரசுரிக்கின்றன. மகனின் தோளில், இப்பொழுது மகளின் தோளிலும், பெற்றோர் நட்சத்திரத்தைச் சூட்டி ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள். அந்த ஆனந்தத்தில் நமக்கும் பங்குண்டு. ஆனால் அதே மைதானத்தில் பயின்று, முதுகெலும்பு முறிந்தோ மண்டையில் காயமுற்றோ பாதி வழியில் வீடு திரும்பியவர்களைப் பற்றித் தேசம் நெடுங்காலம் விசாரிக்கவே இல்லை. இன்று நாம் எழுதப் புகுந்தது அவர்களைக் குறித்தே.

இந்தக் கழகங்கள் நமக்கு எவரும் தானமாய் வழங்கியவை அல்ல. 1918 வரை ஸாண்ட்ஹர்ஸ்டு ராணுவக் கல்லூரியின் கதவு இந்தியருக்கு அடைத்தே கிடந்தது. முப்பது வருஷம் துப்பாக்கி பிடித்துத் தலை நரைத்த சுபேதார், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய ஆங்கில வாலிபனுக்கு சலாம் போட வேண்டியிருந்தது. அவ்விருவருக்கும் வீரத்தில் வித்தியாசமில்லை. மன்னர் கையொப்பமிட்ட கமிஷன் என்னும் ஒரு காகிதமே வித்தியாசம். 1918-ல் ஆண்டுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கினார்கள். முப்பது கோடிக்கு மேற்பட்ட ஜனங்களுக்குப் பத்து இடங்கள்! சட்டசபையில் நம்மவர் ஓயாது கேட்டதன் பயனாக 1925-ல் ஸ்கீன் கமிட்டி ஏற்பட்டது. ஜனாப் ஜின்னா அதில் அங்கத்தினர். பண்டித மோதிலால் நேருவும் சிறிது காலம் இருந்து பின் விலகினார். இந்திய மண்ணிலேயே ஒரு கழகம் வேண்டும் என்று அக்கமிட்டி கூறிய பிறகும் ஆண்டுகள் சென்றன. 1932 அக்டோபரில் 40 மாணவர்களுடன் டேராடூன் கழகம் திறக்கப்பட்டது.

அந்த நாற்பதின்மருள் ஸாம் மானெக்ஷா இந்தியப் படைக்கும், முகம்மது மூஸா பாகிஸ்தான் படைக்கும், ஸ்மித் டன் பர்மியப் படைக்கும் பிற்காலத்தில் தலைவர்களாயினர். இந்தியரால் படை நடத்த இயலாது என்று வாதித்த மேதாவிகளுக்கு ஒரே வகுப்பு மூன்று தேசங்களிலிருந்து பதில் சொல்லிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின் ஸ்தாபனங்கள் பெருகின. முப்படைக்கும் பொதுவான தேசிய பாதுகாப்புக் கழகம் புனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் அமைந்தது. அமராவதி நகரில் 1962-ல் ஸைனிக் பள்ளி தோன்றியது. பரங்கிமலையில் 1963-ல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி. இலங்கையில் 1987-ல் உயிர் நீத்துப் பரம் வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேசுவரனும், காஷ்மீரத்தில் 2014-ல் வீழ்ந்து அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனும் பரங்கிமலையில் பயின்றவர்கள். கடக்வாஸ்லாவின் கதவு 2022-ல் பெண்களுக்கும் திறந்தது. அவர்களில் முதல் வகுப்பினர் 2025 மே மாதத்தில் வெளிவந்தனர்.

கடக்வாஸ்லாவில் சேருகிறவன் மீசை அரும்பாத பிள்ளை. அங்கு மூன்றாண்டு, பின் டேராடூனில் ஓராண்டு; ஓட்டம், நீச்சல், குத்துச்சண்டை, குதிரையேற்றம், பளுவான மூட்டையுடன் இரவு நடை. இவற்றைக் கடுமை குறைத்து நடத்த வேண்டும் என்று நாம் கூறவில்லை. மலைச் சிகரத்தில் பிறர் உயிரைக் காக்க வேண்டியவன் மெத்தையில் பயில முடியாது. எனினும் இத்தகைய பயிற்சியில் சிலருக்கு அங்கஹீனம் நேர்ந்தே தீரும். 1985 முதல் சுமார் 500 பேர் இவ்வாறு வைத்திய காரணத்தால் வெளியேற்றப்பட்டனர் என்று 2025-ல் பத்திரிகைச் செய்தி வெளிவந்தபோது, படித்தவர்கள் திடுக்கிட்டனர்.

அவர்கள் நிலைமை என்ன? படையில் பதிவான சிப்பாய்க்கு ஊனம் நேர்ந்தால் முன்னாள் ராணுவத்தினர் என்ற பெயரும் அதற்குரிய சலுகையும் உண்டு. பயிற்சி மாணவனோ கமிஷன் பெறாதவன். ஆதலால் சட்டத்தின் கண்ணில் அவன் ராணுவத்தினனே அல்லன். அவனுக்குப் பென்ஷன் கிடையாது. கருணைத் தொகை என்ற பெயரில் மாதம் அதிகபட்சம் 40,000 ரூபாய். கழுத்துக்குக் கீழ் அசைவற்றுக் கிடப்பவனுக்கு வைத்தியச் செலவும், இரவு பகல் துணையிருப்பவர் ஊதியமும் இதில் எம்மட்டும் அடங்கும்? மீதியை வயோதிகத் தகப்பனார் கொடுக்கிறார். அவருக்குப் பின் யார் கொடுப்பது? 'கருணை' என்ற சொல்லே நமக்கு உவப்பாயில்லை. கடனைத் தீர்ப்பவன் அதைக் கருணை என்று சொல்லிக்கொள்வது வழக்கமில்லை.

"இவர்கள் சேவையே செய்யவில்லையே, பென்ஷன் எப்படி?" என்று கணக்கு இலாகாவினர் கேட்கலாம். அவன் அங்கு சர்க்காரின் சீருடையை அணிந்து, சர்க்கார் நியமித்த ஆசிரியரின் உத்தரவுப்படியே குதித்தான். குதிக்க மறுத்திருந்தால் வெளியேற்றப்பட்டிருப்பான். அவன் உடலைத் தனக்கு உரியதாகக் கொண்ட சர்க்கார், அது முறிந்ததும் உன்னுடையதே என்று திருப்பியனுப்புவது எந்த நியாயம்? அன்று சுபேதாரைத் தாழ்த்தியதும் கமிஷன் காகிதம். இன்று இப்பிள்ளையைக் கைவிடுவதும் அதே காகிதம்.

2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இவ்விஷயத்தைக் கையிலெடுத்தது. இன்ஷூரன்ஸ் செய்ய முடியாதா, உட்கார்ந்து செய்யும் வேலை தர முடியாதா என்று நீதிபதிகள் வினவினர். அம்மாதம் முடிவதற்குள் முன்னாள் ராணுவத்தினருக்கான வைத்தியத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க சர்க்கார் இசைந்தது. நல்லதே, அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கோர்ட்டு கேட்ட பிறகு நான்கு வாரத்தில் முடிந்த காரியம் நாற்பது வருஷமாக ஏன் முடியவில்லை? வைத்தியம் ஒரு பகுதியே. பயிற்சியில் சேரும் தினத்திலிருந்தே அவனைப் படையினனாகக் கருதும்படி பென்ஷன் விதியைத் திருத்த வேண்டும். அத்திருத்தம் 1985 முதல் வீடு திரும்பியவர்களுக்கும் செல்லுபடியாக வேண்டும்.