உங்களுக்குத் தெரியுமா? வக்கீல் விளம்பரம் பலிக்க எத்தனை நாள்?

● கூகுளில் ஓர் இணையதளம் இயல்பாக மேலே ஏற எவ்வளவு காலம் பிடிக்கும்? இதற்குக் கூகுளே ஒரு பதில் வைத்திருக்கிறது: பெரும்பாலும் நாலு மாதம் முதல் ஒரு வருடம். 2017-ல் அந்நிறுவனத்தின் மைலி ஓயே ஒரு காணொளியில் இதைச் சொன்னார். தளத்தில் வேண்டிய திருத்தங்களைச் செய்து, அதன் பலன் கண்ணில் படும் வரைக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இது எல்லாத் தொழிலுக்கும் பொது. ஆனால் விபத்து இழப்பீடு, விவாகரத்து, குற்ற வழக்கு என்று நடத்தும் அமெரிக்க சட்ட நிறுவனங்கள் ஒரு வருடம் என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஊரில் ஒரே தேடுசொல்லுக்கு அத்தனை வக்கீல்கள் மோதுகிறார்கள்.

● காசு கொடுத்துப் போடும் விளம்பரம் மறுநாளே வந்துவிடலாம். கூகுள் ஆட்ஸில் பெரும்பாலான விளம்பரங்கள் ஒரு வேலை நாளுக்குள் பரிசீலிக்கப்படுகின்றன. அதன்பின் யாராவது 'ஹூஸ்டன் லாரி விபத்து வக்கீல்' என்று தட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. அதிக விலை கேட்டவருக்கே முதலிடம் என்று இல்லை. விளம்பரத்தின் தரம் என்ன, அதைத் தொட்டால் திறக்கும் பக்கம் தேடியவருக்குப் பொருந்துகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே இடம் முடிவாகிறது.

● மறுநாள் வரும் விளம்பரம் மறுநாளே பலன் தரும் என்று நினைப்பதில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். யாருக்குக் காட்டினால் போன் வரும் என்பதைக் கூகுளின் தானியங்கி ஏலமுறை போகப்போகத்தான் கற்றுக்கொள்கிறது. அது பிடிபட 50 'கன்வெர்ஷன்' வரையோ, கிளிக்கிலிருந்து கன்வெர்ஷன் வரையிலான மூன்று சுற்றுகள் வரையோ ஆகலாம் என்கிறது கூகுளின் வழிகாட்டி. பக்கத்துக்கு வந்தவர் போன் செய்வதும் படிவம் நிரப்புவதும்தான் கன்வெர்ஷன். பெரிய துணிக்கடைக்கு ஐம்பது விற்பனை ஒரே நாளில் வந்துவிடும். இரண்டு வக்கீல்கள் நடத்தும் அலுவலகத்துக்கு மாதம் பத்து போன் வந்தால், ஐம்பதைத் தொட ஐந்து மாதம். அதற்குள் பட்ஜெட்டைத் தலைகீழாக மாற்றி, விளம்பர ஏஜென்சியையும் மாற்றினால் கற்றது பெரும்பாலும் வீண்.

● ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஒரு கிளிக்குக்கு 100 டாலர் என்றால் நூறு கிளிக்குக்கு 10,000 டாலர். நூறு பேரில் பத்துப் பேர் போன் செய்கிறார்கள். மூன்று பேருக்கு வேறு வகை வழக்கு. இரண்டு பேருக்கு ஏற்கெனவே வக்கீல் இருக்கிறார். இரண்டு பேரின் விபத்தில் தவறு அவர்கள் பக்கமே. ஒருவர் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார், யாரும் எடுக்கவில்லை. அவர் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். மிச்சம் இரண்டு பேர். அவர்களில் ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போகிறார், ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். ஆக, ஒரு கட்சிக்காரர் வாசல் ஏறிவர ஆன செலவு 10,000 டாலர். விளம்பரத்தில் குறை தேடும் முன், அந்த ஒன்பது மணி போனை எடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பல அலுவலகங்களில் பணம் ஒழுகும் இடம் அதுதான்.

● சரி, கையெழுத்து வாங்கியாயிற்று. பணம் எப்போது வரும்? அமெரிக்காவில் விபத்து வழக்குகளில் பெரும்பாலும் இழப்பீடு கிடைத்தால்தான் ஃபீஸ். வழக்கமாகத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. காயம் ஆற வேண்டும், மருத்துவச் செலவு முழுதும் தெரிய வேண்டும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்தோடு பேச வேண்டும், படியவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஒரு வருடம், இரண்டு வருடம் சாதாரணம். இந்த ஜனவரியில் செய்த விளம்பரச் செலவு அடுத்த ஜனவரிக்குள் திரும்பவில்லை என்பதற்காக அதைத் தோல்வி என்று எழுதிவிட முடியாது. (இந்தியாவில் இந்த ஏற்பாட்டுக்கே இடமில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.)

● இந்த நீண்ட காத்திருப்பு கூகுள் ஆட்ஸின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஒரு கிளிக்கின் பலனை அது வழக்கமாக 30 நாள் வரை கணக்கில் சேர்க்கும். அமைப்பை மாற்றினாலும் 90 நாள்தான் உச்சம். விபத்து நடந்த வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் படித்துவிட்டு, ஆறாவது மாதம் போன் செய்கிறவரை அது அறியாது. அதனால் அனுபவம் உள்ள அலுவலகங்கள், 'எங்களை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்று முதல் போனிலேயே கேட்டுக் கோப்பில் குறித்துவைக்கின்றன. எந்த மென்பொருளையும்விட இந்த ஒரு வரிக் குறிப்பு உதவும்.

● கூகுளில் மிக விலை உயர்ந்த தேடுசொற்களின் பட்டியலில் நெடுங்காலமாக இருப்பது ஒரு நோயின் பெயர்: மீசோதீலியோமா. பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் இந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் தூசு. நம் ஊரில் கூரைத் தகடாக அறிந்த அதே பொருள்தான். தூசைச் சுவாசித்து இருபது முதல் ஐம்பது வருடம் கழித்தும் நோய் தலைகாட்டும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேருக்குத்தான் வருகிறது. இழப்பீடோ மிகப் பெரியது. 1982-ல் திவால் மனு போட்ட, ஆஸ்பெஸ்டாஸ் தயாரிப்பாளரான ஜான்ஸ்-மேன்வில் நிறுவனத்தின் பேரில் 1988-ல் இழப்பீட்டு நிதியம் ஒன்று அமைந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களின் பேரிலும் பல அமைந்தன. நோயாளிகள் குறைவு, தேடும் வக்கீல்கள் அதிகம். அதனால்தான் ஒரே ஒரு கிளிக்குக்கு நூற்றுக்கணக்கான டாலர்.

● வக்கீலுக்குப் பொறுமை வேண்டும், கட்சிக்காரருக்கோ நாள் ஓடுகிறது. காயத்துக்கு வழக்குப் போடும் காலக்கெடு டென்னஸியில் ஒரு வருடம், கலிபோர்னியாவில் இரண்டு, நியூயார்க்கில் மூன்று. ஃபுளோரிடாவில் நான்காக இருந்ததை 2023 மார்ச்சில் இரண்டாகக் குறைத்தார்கள். டென்னஸியில் இன்று தளம் தொடங்கும் ஒரு வக்கீலின் பக்கம் கூகுளில் மேலே வருவதற்குள், அவர் மனதில் வைத்திருந்த கட்சிக்காரரின் கெடுவே முடிந்துபோகலாம். புது அலுவலகங்கள் முதல் வருடம் கட்டண விளம்பரத்தையும் கூடவே நடத்துவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

● சில இடங்களில் காத்திருக்கச் சொல்வது சட்டமே. ஃபுளோரிடாவில் விபத்து நடந்து 30 நாள் வரை பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ வக்கீல் தபால் அனுப்பி வேலை கேட்கக் கூடாது. 1995-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் இந்த விதியை ஏற்றது. துக்க வீட்டில் விசிட்டிங் கார்டு நீட்டுவதைத் தடுக்கும் நல்ல விதி.

● ஒரு செருப்பைப் பார்த்துவிட்டு வந்தால் வாரம் முழுக்க அதே செருப்பு விளம்பரம் பின்தொடர்கிறது அல்லவா? விவாகரத்து வக்கீலோ குற்ற வழக்கு வக்கீலோ அப்படிப் பின்தொடர முடியாது. சொந்த வாழ்வின் சங்கடங்களை வைத்து ஆளைக் குறிவைக்கக் கூகுளின் கொள்கை இடம் தருவதில்லை. வீட்டில் எல்லோரும் பார்க்கும் ஒரே கம்ப்யூட்டரில் விவாகரத்து விளம்பரம் வந்து நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், கொள்கையின் அருமை புரியும். வக்கீலின் கோணத்தில், கிடைத்த முதல் கிளிக்கே கடைசி வாய்ப்பாகிவிடுகிறது.

● சட்டம், மருத்துவம், பணம் சார்ந்த பக்கங்களைக் கூகுள் தனி வகையில் வைக்கிறது. தவறான தகவல் ஒருவரின் சொத்தையோ உயிரையோ பாதிக்கும் என்பதால் 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' என்று அதற்குப் பெயர். தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுவோருக்கான கையேட்டில், இவற்றுக்கு அனுபவம், நிபுணத்துவம், பெயர், நம்பகத்தன்மை எல்லாம் கூடுதலாக எதிர்பார்க்கப்படுகின்றன. அனுபவம் என்ற அம்சம் 2022 டிசம்பரில்தான் சேர்ந்தது. எழுதியவர் பெயர் இல்லாத, எங்கிருந்தோ ஒட்டிய சட்டக் கட்டுரைகள் ஏறாமல் கிடப்பதில் ஆச்சரியம் இல்லை.

● புதிதாக வெளியான பக்கங்களில் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு தேடுசொல்லுக்காவது முதல் பத்தில் வந்தவை 5.7 சதவீதம்தான். இணையத் தேடலை ஆராயும் அஹ்ரெஃப்ஸ் நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது.

● கூகுள் மேப்பில் வரும் வக்கீல் பட்டியலுக்குக் கணக்கே வேறு. பொருத்தம், தூரம், பிரபலம் என மூன்றைப் பார்க்கிறது. தூரத்தை எந்த ஏஜென்சியாலும் மாற்ற முடியாது. சிறு ஊர் வக்கீலுக்கு இதுவே மிக விரைவாகக் கைகொடுக்கும் வழி: சரியான முகவரி, சரியான நேரம், உண்மையான கட்சிக்காரர்கள் எழுதிய கருத்துகள்.

● 'முப்பதே நாளில் முதலிடம், கேரண்டி' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. விலைக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே ஏறிய தளங்களை 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் செய்த 'பென்குயின்' மாற்றம் ஒரே வீச்சில் இறக்கியது. வருடக்கணக்கில் எழுந்திருக்காதவை உண்டு.

● பலன் தெரிகிறதா என்று பார்க்க இலவசமாகவே ஒரு வழி இருக்கிறது. கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவி உங்கள் தளத்தின் 16 மாதத் தேடல் தரவை வைத்திருக்கும். போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

● போட்டி வக்கீலின் பெயரையே தேடுசொல்லாக விலைக்கு வாங்கலாமா? விஸ்கான்சினில் இரண்டு சட்ட நிறுவனங்களுக்கு இடையே 2009-ல் இப்படி ஒரு வழக்கு. அது தனியுரிமை மீறல் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. செல்லும் என்பதற்காக அது நல்ல பழக்கம் ஆகிவிடாது.

● 1976 பிப்ரவரி 22. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இரண்டு இளம் வக்கீல்கள் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். தம்பதி இருவரும் ஒத்துக்கொண்ட விவாகரத்துக்கு 175 டாலர், கோர்ட் கட்டணம் 20 டாலர் தனி என்று விலையோடு போட்டிருந்தார்கள். வக்கீல் சங்கம் நடவடிக்கை எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1977 ஜூன் 27-ல் 5-க்கு 4 என்று தீர்ப்பு: உண்மையான விளம்பரத்தை ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு இந்தக் கதவு 1984-ல்தான் திறந்தது. இன்றைய கோடிக்கணக்கான டாலர் தேடல் விளம்பரத்துக்கு வேர் அந்த 175 டாலர் விளம்பரம்தான்.

● இந்தியாவில் இன்றும் தடை. பார் கவுன்சில் விதி 36-ன்படி வக்கீல் நேராகவோ மறைமுகமாகவோ வேலை கேட்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது. பெயர்ப் பலகைகூட அளவாகத்தான் இருக்க வேண்டும். முன்னாள் நீதிபதி என்றோ பார் கவுன்சில் உறுப்பினர் என்றோ அதில் போடக் கூடாது. மும்பைக் கோர்ட் வாசலில் கட்சிக்காரர்களை இழுத்துப் பிடித்த வக்கீல்கள் பற்றிய வழக்கில், சட்டம் வியாபாரம் அல்ல, வழக்குகள் சரக்கும் அல்ல என்ற கருத்தை 1975-லேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதினார். 2008-ல் ஒரு சிறு தளர்வு வந்தது: பெயர், முகவரி, போன், மின்னஞ்சல், பதிவு எண், கல்வித் தகுதி, எந்த வகை வழக்குகள் நடத்துகிறார் என்பவற்றோடு இணையதளம் வைக்கலாம்.

● 2024 ஜூலை 3-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்ரமணியம், சி.குமரப்பன் அமர்வு இந்தத் தடையை இன்னும் இறுக்கியது. இணையத் தளங்கள் வழியாக வேலை தேடும் வக்கீல்கள் மீது நடவடிக்கை எடுக்க மாநில பார் கவுன்சில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி இந்திய பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வக்கீல்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போட்டு, விலை குறித்து விற்பதையும் நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். என் கருத்தில் சரியான தீர்ப்பு. அதே சமயம் 2008-ன் அனுமதியைப் பயன்படுத்தி, மேலே சொன்ன விவரங்களோடு ஒரு பக்கமாவது ஒவ்வொரு வக்கீலும் வைக்க வேண்டும். தாலுகா கோர்ட்டுக்கு முதல்முறை வரும் ஒருவர், யாரோ ஒரு புரோக்கர் கை காட்டும் திசையில் போக வேண்டியதில்லை அல்லவா?

● வக்கீல் வேண்டும், கையில் காசு இல்லை என்றால் கூகுளைத் தட்ட வேண்டாம், 15100-ஐ அழையுங்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் அது. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தெரிந்தவர்களுக்கும் இந்த எண்ணைச் சொல்லிவையுங்கள்.