மணிக்கு நூறு மைல்

தில்லியிலோ மும்பையிலோ நாம் அன்றாடம் செல்லும் சாலையை, வீடுகளும் மதிற்சுவர்களும் விளக்குக் கம்பங்களும் இருந்தவாறே இருக்க, ஒருநாள் பந்தயக் களமாக்கிவிட்டால் எப்படியிருக்கும்? மான் தீவில் நடைபெறும் டூரிஸ்ட் டிராபி மோட்டார் சைக்கிள் பந்தயம் அத்தகையது. டி.டி. எனச் சுருக்கமாக வழங்கும் இப்பந்தயம் 1957ஆம் ஆண்டில் தனது பொன்விழாவைக் கண்டது.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடல் சூழ்ந்து கிடக்கும் அச்சிறு தீவில் இப்பந்தயம் வேரூன்றியதற்குக் காரணம் சட்டமே. 1903ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் மோட்டார் வண்டிகளின் வேகத்தை மணிக்கு 20 மைலுக்குள் கட்டுப்படுத்தியது. பந்தயத்துக்காகப் பொதுச் சாலையை அடைக்கவும் அங்கே இடமில்லை. மான் தீவுக்கோ தனிப் பாராளுமன்றம் உண்டு. அது 1904இல் சட்டமியற்றி இசைவு தந்தது.

1907ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் முதற் பந்தயத்தில் 25 பேர் புறப்பட்டனர். சாதாரணப் பயண வண்டிகளைச் சோதிப்பதே நோக்கமாதலின், எரிபொருளுக்கும் அளவு விதிக்கப்பட்டிருந்தது. ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் முதலிடம் பெற்ற சார்லி காலியரின் சராசரி வேகம் மணிக்கு 38 மைல்.

1911 முதல் பந்தயம் மலைப்பாதைக்கு மாறிற்று. இன்றைய அளவில் அதன் ஒரு சுற்று 37.73 மைல், அதாவது 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஊர்களின் ஊடே வளைந்து, கடலோரத்திலிருந்து ஸ்நேஃபெல் மலைச்சரிவில் ஏறி இறங்கும் பாதை அது. வளைவுதோறும் வேகத்தைத் தணித்தாக வேண்டும். எனவே சுற்றின் சராசரி 100 மைலாக வேண்டுமாயின், நேர்ச்சாலையில் அதனினும் மிகுந்த வேகத்தில் பறக்க வேண்டும் என்பதை நாம் கருத்திற் கொள்ள வேண்டும்.

1955இல் ஜெஃப் டியூக் அந்த எல்லையைத் தொட்டுவிட்டார் என அறிவிக்கப்பட்டது, கூட்டம் ஆரவாரித்தது. பின்னர்க் கணக்கைத் திருத்தியபோது வந்தது 99.97 மைல். அறுபது கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே அவருக்குத் தடையாயிற்று!

பொன்விழா ஆண்டில் காயமுற்றிருந்த டியூக்குக்குப் பதிலாக கிலேரா வண்டியைச் செலுத்தியவர் ஸ்காட்லாந்தின் பாப் மெக்கின்டயர். விழாவை முன்னிட்டு சீனியர் பந்தயம் எட்டுச் சுற்றுகளாக, ஏறத்தாழ 302 மைலாக நீட்டப்பட்டிருந்தது. 1957 ஜூன் 7ஆம் நாள் அவர் ஒருமுறையன்று, நான்கு சுற்றுகளில் 100 மைலைக் கடந்தார். உச்சச் சுற்றின் சராசரி 101.12 மைல். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடித்த அப்போட்டியில் ஜான் சர்டீஸை இரண்டாமிடத்துக்குத் தள்ளி வெற்றியும் பெற்றார்.

ஆயினும் அதே ஆண்டின் இறுதியில் கிலேரா, மோட்டோ குஸ்ஸி, மோண்டியால் ஆகிய இத்தாலிய நிறுவனங்கள் பந்தயத்தைவிட்டு விலகின. வண்டியின் முன்சக்கரத்தையும் மூடிக் காற்றைக் கிழித்துச் செல்ல உதவிய முழுக் கவசமும் தடைசெய்யப்பட்டது. பக்கக் காற்றில் அது வண்டியை நிலைகுலையச் செய்யக்கூடும். மெக்கின்டயரோ 1962இல் இங்கிலாந்தில் வேறொரு பந்தயத்தில் வீழ்ந்து, அக்காயங்களால் மறைந்தார்.

நூற்றாண்டு விழா நடந்த 2007இல் ஜான் மெக்கின்னஸ் ஒரு சுற்றை 130 மைலுக்கு மேற்பட்ட சராசரியில் முடித்தார். வண்டிகள் மாறின, சாலையோரச் சுவர்கள் அங்கேயே நிற்கின்றன. மலைப்பாதையில் இதுவரை 250க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிர் துறந்துள்ளனர். 1976க்குப் பின் உலகச் சாம்பியன் போட்டிகளின் வரிசையில் டி.டி. இடம்பெறாததற்கு இவ்வாபத்தே முதன்மைக் காரணம். டியூக்குக்கு எட்டாமற்போன அந்த ஒரு நொடியின் அருமையை வியக்கும் நாம், அதை வெல்ல மனிதர் கொடுத்த விலையையும் மறத்தல் ஆகாது.