தீயில் விளையும் நுண்துகள்

மோட்டார் வண்டியின் ஸ்பார்க் பிளக்கில் உள்ள வெண்ணிறப் பகுதியைப் பலரும் கண்டிருப்பர். அஃது அலுமினா என்னும் பொருளால் ஆயது. அலுமினியமும் ஆக்ஸிஜனும் கூடிய இப்பொருளின் உறுதிமிக்க வகையைப் பெற வேண்டுமாயின், மூலப்பொருளை 1,000 டிகிரிக்கும் மிகுந்த வெப்பத்தில் நெடுநேரம் வைத்தல் வேண்டும். அங்ஙனம் காய்ச்சுங்கால் அதன் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடும். துகள் நுண்ணியதாக இருந்தாலன்றோ கலம் குறைந்த வெப்பத்தில் செறிந்து இறுகும்! ஆகவே, பருத்ததை மீண்டும் அரைக்க வேண்டியதாயிற்று. இவ்வீண் உழைப்பைத் தவிர்க்க வழியில்லையோ?

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த கிங்ஸ்லி, பாட்டீல் என்னும் இருவர் 1988-ஆம் ஆண்டில் ஒரு வழியை வெளியிட்டனர். அலுமினியம் நைட்ரேட் 20 கிராமும் யூரியா 8 கிராமும் சிறிது நீரில் கரைக்கப்படும். யூரியா என்பது உழவர் வயலுக்கு இடும் அதே உரந்தான். கரைசலை அகன்ற கலத்தில் ஊற்றி, 500 டிகிரி வெப்பமுள்ள உலையில் வைப்பர். அது கொதிக்கும், நுரைக்கும், புகையும், பின்பு திடீரெனத் தீப்பற்றி வெண்சுடராக ஒளிரும். ஐந்து நிமிடத்திற்குள் யாவும் முடிந்துவிடும். கலம் நிறைய வெண்ணுரை போன்ற பொருள் நிற்கும். அதன் எடையோ மூன்று கிராமுக்கும் குறைவு!

500 டிகிரி உலையில் 1,000 டிகிரிக்குரிய பொருள் விளைந்தது எங்ஙனம்? நைட்ரேட்டு ஆக்ஸிஜனைத் தருகிறது; யூரியா விறகாகிறது. இரண்டும் தம்முள் எரிந்து, உலையினும் பன்மடங்கு மிகுந்த வெப்பத்தைத் தாமே உண்டாக்குகின்றன. உலை தீ மூட்டும் வேலையை மட்டுமே செய்கிறது. ஒரு பங்கு அலுமினா தோன்றும்போது நைட்ரஜன், கரியமிலவாயு, நீராவி ஆகியவை மூலக்கூற்றுக் கணக்கில் 23 பங்கு வெளியேறுகின்றன. இவை பொருளை ஊதிப் பிரித்து, வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கின்றன. தீயும் நொடிப்பொழுதில் அவிந்துவிடுவதால், மணிகள் பருக்க நேரமில்லை. எரிபொருளை மாற்றிச் சீரியம் ஆக்ஸைடு போன்றவற்றை 100 நானோமீட்டருக்கும் நுண்ணிய மணிகளாக ஆக்குவதும் உண்டு. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

எனினும், இம்முறை விளையாட்டன்று. விறகும் ஆக்ஸிஜனும் ஒரே கலத்தில் இருத்தலின், அளவு மிகுந்தால் வெடிக்கவுங் கூடும். ஆதலின், ஆய்வுக்கூடத்தில் சிறு அளவிலேயே செய்வர்.

கரைசலில் குரோமியம் நைட்ரேட் சிறிதளவு சேர்த்தால், வெண்ணுரைக்கு மாறாக இளஞ்சிவப்பு நுரை எழும். மாணிக்கக் கல்லுக்குச் செந்நிறம் ஊட்டுவதும் அந்தக் குரோமியமே.