மக்காச்சோளம் மஞ்சள் கருவாகும் கதை

நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைக் கூண்டில் நிற்கும் வெள்ளைக் கோழி ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பெரும்பகுதி மக்காச்சோளம். பிறகு சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், தவிடு, சுண்ணாம்புக் கல். கொழுப்பு என்று பார்த்தால் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான் தேறும். ஆக, ஒரு நாளில் கோழிக்குள் போகும் கொழுப்பு நான்கு கிராம் அளவு. அது இடும் முட்டையின் மஞ்சள் கருவிலோ ஐந்து, ஐந்தரை கிராம் கொழுப்பு இருக்கிறது. வரவைவிடச் செலவு கூடுதல். மிச்சம் எங்கிருந்து வந்தது?

மக்காச்சோளத்தின் மாவுச்சத்திலிருந்து வந்தது. அதைக் கொழுப்பாக மாற்றியது கல்லீரல். பன்றியின் உடலில் இந்த வேலை பெரும்பாலும் கொழுப்புத் திசுவில் நடக்கும். பறவைகளில் கல்லீரலே முதன்மையான இடம். மனிதரிலும் அப்படித்தான். எனவே நம் உடலில் சோறு எப்படிக் கொழுப்பாகிறது என்று அறிய, நாமக்கல் கோழியே நல்ல பாடம்.

மாவுச்சத்து குளுக்கோஸாகி, குளுக்கோஸ் இரண்டிரண்டு கார்பன் கொண்ட துண்டுகளாகச் சிதைகிறது. ஒரு பெரிய நொதி அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று கோக்கிறது. ஏழு சுற்று முடிந்ததும் 16 கார்பன் நீளமுள்ள பால்மிட்டிக் அமிலம் தயார். இன்னும் இரண்டு கார்பன் சேர்த்து, நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு போட்டால் ஓலியிக் அமிலம். கடலை எண்ணெயில் நிறைந்திருப்பதும் இதுதான். மஞ்சள் கருவில் மிகுதியாக இருப்பதும் இதுதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கோக்கும் வேலைக்கு நடுவே பிறக்கும் மலோனைல்-கோஏ என்ற பொருள், கொழுப்பு எரியப் போகும் மைட்டோகாண்ட்ரியாவின் வாசலை அடைத்துவிடுகிறது. டெனிஸ் மெக்கேரியும் டேனியல் ஃபாஸ்டரும் டல்லஸ் நகரில் 1977-ல் கண்டறிந்தது இது. கொழுப்பைச் செய்துகொண்டிருக்கும் கல்லீரல் அதே வேளையில் கொழுப்பை எரிக்காது. மாவுச்சத்து வந்து, இன்சுலின் உயர்ந்திருக்கும் வரை சேமிப்புதான்.

செய்த கொழுப்பை அங்கேயே குவித்து வைக்க முடியாது. கல்லீரல் அதற்குப் புரத உறை போட்டு, வி.எல்.டி.எல். என்னும் துகளாக இரத்தத்தில் விடுகிறது. முட்டையிடும் பருவத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், துகளைப் பாதி அளவுக்குச் சிறிதாக்குகிறது; வழியில் தசையோ கொழுப்புத் திசுவோ எளிதில் பிரித்துக்கொள்ளாதபடி தனிப் புரதமும் சேர்க்கிறது. சரக்கு நேராகச் சூலகம் போய்ச் சேர வேண்டும் அல்லவா! இந்தக் கோழியின் இரத்தத்தை எடுத்து நிற்க வைத்தால், மேலே தெளியும் நீர் வெள்ளையாகக் கலங்கியிருக்கும். டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும். நமக்கு 150-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். இருந்தும் கோழி தாங்குகிறது. முட்டை வழியாகக் கொழுப்பு வெளியேறிவிடுவதே காரணம்.

அந்த வழி அடைபட்டால்? வியன்னாவில் வோல்ஃப்காங் ஷ்னைடரின் குழு 1995-ல் விளக்கிய ஒரு கோழி இனம் இதற்குப் பதில் சொல்கிறது. வளரும் கருமுட்டையின் மேல் வி.எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி ஒன்று உண்டு. இந்தக் கோழிகளில் அந்த ஏற்பி பழுது. மாறியிருந்தது ஒரே ஒரு அமினோ அமிலம். விளைவு, முட்டை இல்லை. கொழுப்பு இரத்தத்திலேயே தங்கி, தமனிச் சுவரில் படிந்தது.

இன்னொரு கோளாறு பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்ததே. நன்றாகத் தின்று, நன்றாக முட்டையிட்ட கோழி, கோடை நாளில் திடீரென்று செத்துக் கிடக்கும். கொண்டை வெளுத்திருக்கும். அறுத்துப் பார்த்தால் கல்லீரல் மஞ்சளாக ஊதி, விரல் பட்டாலே பிய்ந்து வரும். வயிற்றுக்குள் இரத்தக் கட்டி. கல்லீரல் கொழுப்பைச் செய்த வேகத்துக்கு ஏற்றுமதி ஈடுகொடுக்கவில்லை. இதைத் தடுக்கத் தீவனத்தின் எரிசக்தியைக் குறைத்து, கோலின் என்னும் சத்தைக் கூட்டுவார்கள். கோலின் இல்லாமல் வி.எல்.டி.எல். உறை சரியாக அமையாது. மனிதருக்குக் கோலின் கிடைக்கும் நல்ல வழிகளில் ஒன்று மஞ்சள் கரு!

நாமோ ஒரு முட்டையில் இருக்கும் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்குப் பயந்து மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்கிறோம். தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் நடந்து, 2014-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இண்டியாப்’ (INDIAB) ஆய்வின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் 13.9 விழுக்காடு. டிரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 29.5. நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். குறைந்தவர்கள் 72.3. இதே ஆய்வுத் திட்டம் 2025-ல் சொன்னது: இந்தியர் உணவின் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. சோறு, இட்லி, சேலத்து ஜவ்வரிசி, சர்க்கரை போட்ட டீ எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

டிரைகிளிசரைடும் எச்.டி.எல்.லும் தனித்தனி நோயல்ல. கொழுப்பு நிறைந்த துகள்கள் பெருகினால் அவை எச்.டி.எல்.லோடு சரக்கு மாற்றிக்கொள்ளும். அப்படி மாறிய எச்.டி.எல். சீக்கிரமே இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். சிறுத்து, தமனிச் சுவருக்குள் எளிதில் நுழையும். கல்லீரலில் தொடங்கியது இதயத்தில் முடிகிறது.

பழி முழுவதையும் சோற்றின் மேல் போடுவதும் சரியல்ல. கல்லீரல் கொழுப்பு நோயாளிகளிடம் அமெரிக்காவில் 2005-ல் செய்த ஓர் ஆய்வில், கல்லீரலில் தேங்கிய கொழுப்பில் 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்து வந்தது. 26 விழுக்காடு கல்லீரலே புதிதாகச் செய்தது. 15 விழுக்காடு மட்டுமே உணவுக் கொழுப்பு. நல்ல உடல்நிலையில் கல்லீரல் புதிதாகச் செய்வது மிகக் குறைவு.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம் தசை. உண்ட குளுக்கோஸைத் தசைதான் முதலில் வாங்கி வைக்க வேண்டும். இன்சுலினுக்குத் தசை செவிசாய்க்காதபோது, அதன் பங்கும் கல்லீரலுக்குத் திரும்புகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழு, ஒல்லியான இளைஞர்களிடமே இதை 2007-ல் காட்டியது. தொப்பை இல்லை என்பதால் மட்டும் தப்பித்துவிட முடியாது.

அதே குழு 2011-ல் ஒரு நல்ல செய்தியும் சொன்னது. அத்தகைய இளைஞர்கள் ஒரே ஒரு முறை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்துவிட்டு மாவுச்சத்து மிகுந்த உணவு உண்டபோது, கல்லீரல் புதிதாகக் கொழுப்பு செய்வது சுமார் 30 விழுக்காடு குறைந்தது. நீரிழிவுக்காரர்களும் எல்.டி.எல். மிகுந்தவர்களும் எத்தனை முட்டை என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பயறும் காயும் கூட்டி, வேகமாக நடந்தால் போதும். கோழிக்குக் கூண்டில் நடக்க இடமில்லை, நமக்கு உண்டு.