பொம்மைக்கு உயிர் தருவது யார்?

சென்ற கிறிஸ்மஸ் காலத்தில் ஒரு மாலை, சிங்காநல்லூரில் அன்பியக் கூட்டம் நடைபெற்ற ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். திருச்சி சாலையிலிருந்து பிரியும் சிறு தெரு ஒன்றில் அமைந்த வீடு அது. குடும்பத் தலைவர் மோட்டார் பம்ப்பு பட்டறையில் லேத் வேலை பார்ப்பவர். கூடத்தின் மூலையில் வைக்கோல் வேய்ந்த குடில். அதனுள் தேவதாயும் சூசையப்பரும், இடையர்களும், ஆடு மாடுகளும் முறைப்படி வீற்றிருந்தனர். ஆனால், இடையர்களுக்குப் பின்னால் சிறகு விரித்த பறவைநாகம் ஒன்றும், வாய் பிளந்த பூதம் ஒன்றும், வாளேந்திய வீரன் ஒருவனும் வரிசையாக நின்றதைக் கண்டு வியப்புற்றோம்.

"அதென்ன சாமி, குடில்ல பூதம் நிக்குது?" என்று அவ்வீட்டுப் பாட்டியாரும் அப்போதுதான் கவனித்தவராய்க் கேட்டார்.

ஆறு வயதுப் பேத்தி சிறிதும் தயங்கவில்லை. "இவங்களும் பாப்பா இயேசுவைப் பாக்க வந்திருக்காங்க ஆத்தா! வழி தெரியாம லேட்டாயிருச்சு" என்றாள். கூடியிருந்தோர் அனைவரும் நகைத்தனர்.

ஜெபம் முடிந்தபின் குடும்பத் தலைவர் அப்பொம்மைகளின் கதையைக் கூறினார். அவை வெறும் பொம்மைகள் அல்லவாம். வீடியோ விளையாட்டின் பொம்மைகளாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் பணிபுரிந்த தங்கை, சிறுவனாயிருந்த இவருடைய மகனுக்கு விளையாட்டுப் பெட்டியுடன் அவற்றை அனுப்பி வைத்தாராம். "ஒண்ணு வந்தா அடுத்ததைக் கேப்பானுங்க. அது இல்லாட்டி ஆட்டம் முழுசாகாதுன்னு ஒரே அழுகைங்க" என்றார். அந்த மகன் இன்று வேலைக்குச் செல்லும் இளைஞர். விளையாட்டுப் பெட்டி பழுதுபட்டுப் பரணில் கிடக்கிறது. பொம்மைகள் மாத்திரம் தங்கை முறையுள்ள அச்சிறுமியின் கைக்கு வந்திருக்கின்றன.

வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பூதமும் பறவைநாகமும் நம் நினைவை விட்டகலவில்லை. இவ்விளையாட்டுகள் யாவை? இவற்றால் விளையும் நன்மை என்ன, தீமை என்ன? பெற்றோர் சிந்திக்க வேண்டிய செய்தி இதில் உண்டு என்று தோன்றியதால் இங்கு எழுதத் துணிந்தோம்.

மேடையில் ஏறும் பொம்மை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த 'டாய்ஸ் ஃபார் பாப்' என்னும் குழுவினர் உருவாக்கி, 'ஆக்டிவிஷன்' நிறுவனம் 2011-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளியிட்ட 'ஸ்கைலேண்டர்ஸ்' என்னும் விளையாட்டே இவ்வகையைப் பெரும் வணிகமாக வளர்த்தது. ஒளிரும் சிறு மேடையொன்று கம்பி வழியாகவோ கம்பியின்றியோ விளையாட்டுப் பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கும். அம்மேடைமீது ஒரு பொம்மையை வைத்தவுடன், அதே உருவம் தொலைக்காட்சித் திரையில் உயிர்பெற்று எழுந்து ஓடும், பறக்கும், போரிடும்.

இது மாயமன்று. பொம்மையின் அடித்தட்டில் மிகச் சிறிய மின்னணுச் சில்லு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அதற்கு மின்கலம் தேவையில்லை. மேடையிலிருந்து எழும் வானொலி அலையே சில்லுக்கு வேண்டிய மின்சக்தியை அளித்து, அதிலுள்ள செய்தியையும் படித்துவிடுகிறது. கடையில் வங்கி அட்டையைக் கருவியருகே காட்டிப் பணம் செலுத்துகிறோமே, அதே தத்துவந்தான். ஒரு பொம்மை எவ்வளவு ஆற்றல் பெற்றது, எத்தனை காசு சேர்த்தது என்பனவெல்லாம் அச்சில்லிலேயே எழுதப்படும். ஆதலால் ஒரு சிறுவன் தன் பொம்மையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டிற்குச் சென்று, அங்குள்ள பெட்டி வேறு நிறுவனத்தாருடையதாயினும், விட்ட இடத்திலிருந்து அதனைத் தொடர்ந்து வளர்க்கலாம்.

இதிலுள்ள நன்மையை நாம் மறைத்தலாகாது. திரைக்குள் மாத்திரமே அடைபட்டுக் கிடந்த விளையாட்டைக் கைக்கும் கண்ணுக்கும் உரியதாக்கியது இக்கண்டுபிடிப்பு. நண்பர் இருவர் தத்தம் பொம்மைகளைக் கொணர்ந்து அருகருகே அமர்ந்து ஆடுவதற்கு இது வழிசெய்தது. தனித்திருந்து திரையை வெறிப்பதைக் காட்டிலும் இது மேலானதே.

எட்டுக் கதவுகள்

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அம்முதல் விளையாட்டின் பெட்டியில் மூன்று பொம்மைகளே இருந்தன. விளையாட்டிலோ நீர், நெருப்பு, மண், காற்று என்பன போன்ற எட்டு வகைகள் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் உரிய கதவுகள் ஆங்காங்கே நிற்கும். அந்த வகைப் பொம்மை கையிலிருந்தால் மாத்திரமே அக்கதவு திறக்கும். மூன்று பொம்மைகளைக் கொண்டே கதையை முடித்துவிடலாம் என்பது உண்மையே. ஆனால், பூட்டிய கதவைக் கண்ட எந்தச் சிறுவன் அதனைத் திறவாமல் அமைதியுறுவான்?

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். தொடக்கப் பெட்டியின் விலை அமெரிக்காவில் 70 டாலர். தனிப் பொம்மை ஒன்றின் விலை ஏறத்தாழ 8 டாலர். எட்டு வகைக் கதவுகளையும் திறப்பதற்கு இன்னும் ஐந்து பொம்மைகளேனும் வேண்டும். ஆக 110 டாலர். அன்றைய மதிப்பில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். முதல் வரிசையிலிருந்த 32 பொம்மைகளையும் சேர்க்க விரும்பினாலோ 300 டாலருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 15,000 ரூபாய் ஆகும். விளையாட்டுப் பெட்டியின் விலை இதில் சேரவில்லை. 2014-ஆம் ஆண்டுக்குள் இவ்வரிசையில் 17 கோடிக்கும் அதிகமான பொம்மைகள் விற்பனையாயின என்றால், எத்தனை இல்லங்களில் எத்தனை கதவுகள் பிள்ளைகளை அழவைத்திருக்க வேண்டும்!

இலாபத்தைக் கண்ட ஏனையோரும் பின்தொடர்ந்தனர். 2013-இல் 'டிஸ்னி இன்ஃபினிட்டி'யும், 2014-இல் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் 'அமீபோ' பொம்மைகளும், 2015-இல் 'லெகோ டைமென்ஷன்ஸ்' என்பதும் வந்தன. கடைகளின் அலமாரிகள் நிரம்பி வழிந்தன, வாங்குவோர் சலிப்புற்றனர். 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் டிஸ்னி தன் விளையாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. ஸ்கைலேண்டர்ஸ் வரிசையின் கடைசிப் பெரிய விளையாட்டு அவ்வாண்டிலேயே வெளிவந்தது. லெகோவும் 2017-இல் விடைபெற்றது. அமீபோ மாத்திரம் நிலைத்து நிற்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் அடித்து ஓய்ந்த புயல் அது. கோடிக்கணக்கான பொம்மைகள் வீடுகளில் எஞ்சின. உயிர்கொடுக்கும் பெட்டி பழுதுற்றால் அவை வெறும் பிளாஸ்டிக்கே.

நம் நாட்டில்

நம் அண்டை நகரமான பெங்களூரிலும் இத்துறையில் ஒரு முயற்சி உண்டு. 2016-ஆம் ஆண்டில் விவேக் கோயல், தினேஷ் அத்வானி ஆகிய இருவரும் தொடங்கிய 'பிளேஷிஃபு' என்னும் நிறுவனம், கையால் தொடும் பொருளையும் திரையையும் இணைக்கும் கல்வி விளையாட்டுகளைச் செய்து பிற நாடுகளுக்கும் அனுப்பி வருகிறது. அவர்களது 'ஆர்பூட்' என்னும் உலக உருண்டையில் நாடுகளின் எல்லைகளோ பெயர்களோ இல்லை. அதனைக் கைக்கணினியின் கேமரா வழியே நோக்கினால் அந்தந்த நிலத்தின் விலங்குகளும் கட்டடங்களும் திரையில் எழும். 'டாக்டோ' என்பதில் சிறு உருவங்களைக் கைக்கணினியின் திரைமீதே வைத்து விளையாட வேண்டும். இங்குச் சில்லு எதுவும் இல்லை. உருவத்தின் அடியிலுள்ள தொடுபுள்ளிகள், விரல் பட்டாற்போல் திரையைத் தொடுகின்றன. அப்புள்ளிகளின் அமைப்பைக் கொண்டே இன்ன உருவம் என்று கைக்கணினி அறிந்துகொள்கிறது. சதுரங்கம் கற்பிக்கும் டாக்டோவும் உண்டு.

கற்பிக்கும் நோக்குடைய இவை போருக்கு அழைக்கும் பொம்மைகளினும் மேலானவை என்பதில் ஐயமில்லை. எனினும் கைக்கணினியின்றி இவையும் முழுப்பயன் தாரா. ஆகவே பெற்றோர் எதனை வாங்கினாலும் சிந்தித்தே வாங்க வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள்

முதலாவது, இப்பெட்டியிலுள்ளதைக் கொண்டே விளையாட்டு நிறைவுறுமா, அல்லது மேலும் மேலும் வாங்க வேண்டுமா? இக்கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டு, இவ்வளவுதான் வாங்குவோம் என்பதைப் பிள்ளையிடமும் அன்போடு சொல்லிவிடுதல் நலம். வாங்கியபின் மறுப்பது வீண் கண்ணீருக்கே இடமாகும்.

இரண்டாவது, திரையின்முன் எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது. அதனினும் குறைவது நன்று.

மூன்றாவது, பொம்மை பாதுகாப்பானதா? 14 வயதிற்குட்பட்டோர்க்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையை இந்திய அரசு 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியுள்ளது. முத்திரையில்லாப் பொம்மையை, விலை மலிவென்று வாங்கலாகாது.

நான்காவது கேள்வியே தலையாயது: பிள்ளையோடு அமர்ந்து விளையாட நமக்கு நேரம் உண்டா? 2007-ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்கு விடுத்த செய்தியில் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர், வன்முறையைப் போற்றும் வீடியோ விளையாட்டுகளைக் கண்டித்தார். நல்லதைத் தேர்ந்துகொள்ளும் மனச்சான்றைப் பிள்ளைகளிடம் உருவாக்குவது பெற்றோரின் உரிமையும் கடமையும் ஆகும் என்பதையும் அதில் நினைவூட்டினார். தேர்ந்துகொள்ளக் கற்பிப்பதற்கு நாம் அருகில் இருக்க வேண்டுமன்றோ? ஷிப்டு முடிந்து களைத்து வரும் தந்தைக்கும், அடுப்படியில் நிற்கும் தாய்க்கும் இது எளிதன்று என்பதை அறிவோம். நாள்தோறும் கால்மணி நேரமேனும் போதும். குடும்ப ஜெபமாலைக்கு நேரம் ஒதுக்கும் வீட்டில் இதற்கும் நேரம் கிடைக்கும்.

குடிலும் பொம்மையும்

கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொம்மையும் கதையும் புதியனவல்ல. 1223-ஆம் ஆண்டில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், இத்தாலியிலுள்ள கிரேச்சியோ என்னும் ஊரில் முதல் குடிலை அமைத்தபோது அதில் சுரூபங்களே இல்லை. தீவனத் தொட்டியும் வைக்கோலும், உயிருள்ள ஒரு மாடும் கழுதையும் இருந்தன. சுற்றிலும் ஊர்மக்கள் தீபங்களுடன் நின்றனர். அந்த மக்களே அக்குடிலின் உயிர். சுரூபங்கள் பின்னர் வந்தவை. நம் தமிழகத்திலும் மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலுப் பொம்மை வனையும் கைவினைஞர்களே நம் குடில்களுக்கான மண்பொம்மைகளையும் வனைந்து தருகின்றனர். உரோமை நகரில், திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறன்று, சிறுவர்கள் தங்கள் வீட்டுக் குடிலுக்குரிய குழந்தை இயேசு சுரூபத்தைக் கொண்டுவந்து திருத்தந்தையின் ஆசீர் பெறுவர். இவ்வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் புனித ஆறாம் பவுல், ஆண்டு 1969.

இச்சுரூபங்களில் சில்லு இல்லை, ஒளிரும் மேடை இல்லை. குழந்தை ஒன்று அவற்றின்முன் அமர்ந்து, "இவர் யார்? இவர் ஏன் வந்தார்?" என்று கேட்க, வீட்டுப் பெரியவர் ஒருவர் விடை சொல்லும்போது அவை பேசத் தொடங்குகின்றன. நுங்கு தின்று எறிந்த கூந்தலில் குச்சியைச் செருகி வண்டியோட்டிய நம் தலைமுறைக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? அவ்வண்டி ஓடியது நம் கற்பனையாலும், கூட ஓடிய தோழர்களாலுமே.

சிங்காநல்லூர்ச் சிறுமியின் செயல் நம்மைத் தொட்டது இதனால்தான். ஆயிரக்கணக்கில் பணம் விழுங்கிய பொம்மைகள், இயக்கிய பெட்டி பழுதானபின் ஊமையாகிவிட்டன. அவற்றை அச்சிறுமி எடுத்தாள். வழி தவறித் தாமதமாக வந்தவர்கள் என்று ஒரு கதை சொன்னாள். பாலன் இயேசுவின் முன்னிலையில் நிறுத்தினாள். கதவு எதுவும் பூட்டியிருக்கவில்லை. அடுத்த பொம்மை வாங்கு என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை.

பெற்றோரே! வருகின்ற விடுமுறையில் உங்கள் பிள்ளை ஒரு விளையாட்டுப் பொருளைக் கேட்குமானால், உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கவும் வேண்டாம். அருகில் அமர்ந்து அதனைப் பற்றிக் கேளுங்கள். வாங்கியபின்னும் அருகிலேயே அமருங்கள். அந்தப் பாட்டியார் குடிலிலிருந்து பூதத்தை அப்புறப்படுத்தவில்லை. "சரி சாமி, வந்தவங்க இருக்கட்டும், ஆனா வாளை மட்டும் கீழ வைக்கச் சொல்லு" என்றார். பிளாஸ்டிக் வாளைக் கழற்ற இயலாத சிறுமி, வைக்கோலை எடுத்து அதன்மீது போர்த்தி மூடினாள். மூன்று அரசர்கள் திருநாள் வரை அவ்வீரன் அங்கேயே நின்றிருந்ததாகக் கேள்வியுற்றோம்.